மரத்தவளைத் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தவளை வளர்ப்பைப் பற்றி வரும் கேள்விகள் பலவாக இருந்தாலும், பதில்களில் பெரும்பகுதி தவளையின் தோலைச் சுற்றியே அமைகிறது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்பக்கத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாகவே அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. நுரையீரல் இருந்தும், மூச்சில் ஒரு பங்கு தோல் வழியாகவே நடக்கிறது. நீங்கள் ஊற்றும் தண்ணீரில் இருப்பதும், மண்ணில் ஊறியிருப்பதும், துடைக்கும் துணியில் எஞ்சிய சோப்பும் அதன் உடம்புக்குள் போய்ச் சேரும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பல பதில்களை நீங்களே ஊகித்துவிடலாம்.

முதன்முதலாக வளர்ப்பவருக்கு எந்த வகை ஏற்றது?

ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைதான் என் முதல் பரிந்துரை. ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழும் இந்தத் தவளை சுமார் 10 செ.மீ. வரை வளரும். சாதுவானது, நன்றாகச் சாப்பிடும், காற்று சற்று வறண்டாலும் தாங்கும். நன்கு பராமரித்தால் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும். அவ்வளவு காலம் பொறுப்பேற்க முடியுமா என்பதை வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

அமெரிக்கப் பச்சை மரத்தவளையும் எளிதானதே. ஏறக்குறைய 6 செ.மீ. நீளமுள்ள சுறுசுறுப்பான தவளை, ஆனால் கூச்சம் அதிகம். மத்திய அமெரிக்க மழைக்காடுகளைச் சேர்ந்த செங்கண் மரத்தவளையின் அழகைப் பார்த்து மயங்காதவர் குறைவு. அதற்கு ஈரப்பதமும் வெப்பமும் துல்லியமாக இருக்க வேண்டும். ஓராண்டு வேறு ஒரு வகையை வளர்த்துப் பழகிய பிறகு அதற்குப் போவது நல்லது.

எந்த வகையானாலும் வளர்ப்பிடத்தில் பிறந்த தவளையை மட்டும் வாங்குங்கள். காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை ஒட்டுண்ணிகளோடும் பயணக் களைப்போடும் வருகின்றன. பல நாடுகளில் அப்படிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். செங்கண் மரத்தவளை 2010 முதல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், நாடுகளுக்கிடையே அதை விற்க உரிமப் பத்திரங்கள் தேவை. உங்கள் நாட்டுச் சட்டம் எந்த வகைகளை அனுமதிக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தவளையையும் தொட்டியையும் ஒரே நாளில் வாங்கலாமா?

வேண்டாம். தொட்டியை அமைத்து, விளக்கையும் வெப்பமூட்டியையும் பொருத்தி, ஒன்றிரண்டு வாரம் தவளை இல்லாமலே ஓடவிடுங்கள். பகலிலும் இரவிலும் வெப்பநிலையும் ஈரப்பதமும் எப்படி மாறுகின்றன என்பதை அதற்குள் தெரிந்துகொள்வீர்கள். திருத்த வேண்டியதைத் திருத்த அதுவே நல்ல சமயம். தவளை உள்ளே வந்த பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அதற்குத் தொந்தரவு.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

உயரம்தான் முக்கியம். மரத்தவளை தரையில் வாழ்வதைவிடக் கிளையில் வாழும் நேரமே அதிகம். 45 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள கண்ணாடித் தொட்டி, வளர்ந்த ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகள் இரண்டுக்குப் போதும். சிறிய வகைகளில் மூன்று நான்கு வைக்கலாம். மீன் தொட்டியைவிட முன்பக்கம் கதவு திறக்கும் தொட்டி நல்லது. மேலிருந்து கை நீண்டு வந்தால் கழுகோ பாம்போ வருவதாகவே தவளை அஞ்சும்.

மூடியில் கம்பிவலை இருக்கட்டும், இறுக்கமாகவும் பூட்டுங்கள். விரல் நுனி ஒட்டுத்தட்டுகளோடு கண்ணாடியில் ஏறும் உயிரினம் இது. சிறு இடைவெளி கிடைத்தாலும் இரவோடு இரவாக வெளியேறிவிடும். வெளியே வந்த தவளை உலர்ந்து இறந்துபோக அதிக நேரம் ஆகாது.

தரையில் என்ன பரப்புவது?

தொடக்கத்தில் சாயமோ மணமோ இல்லாத ஈரக் காகிதத் துண்டு போதும் என்பதே என் உறுதியான கருத்து. பார்க்க அழகாக இராது. ஆனால் கழிவு உடனே கண்ணில் படும், மலம் இயல்பாக இருக்கிறதா என்று தெரியும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுத்துவிட்டுப் புதிதாக விரித்துவிடலாம். புதிய தவளையின் உடல்நிலையைக் கவனிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

சில மாதம் கழிந்து எல்லாம் சீராக இருந்தால் தேங்காய் நார்த்தூளுக்கு மாறலாம். உரம், பூச்சிமருந்து, உப்பு எதுவும் கலக்காததாகப் பார்த்து வாங்கி, நன்றாகக் கழுவிப் பிழிந்து, 5 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். மேலே ஸ்பாக்னம் பாசியோ காய்ந்த இலைகளோ போட்டால், இரையைப் பிடிக்கும்போது நார்த்தூள் வாயில் போவது குறையும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளிக்கு மேல் தண்ணீர் சொட்டக் கூடாது. தரை சேறாக இருந்தால் பாக்டீரியா பெருகும், தவளையின் அடிவயிறு சிவந்து புண்ணாகும்.

சரளைக்கல், மணல், மரப்பட்டைச் சில்லு மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். தவளை இரையைப் பாய்ந்து கவ்வும்போது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து விழுங்கும். விழுங்கிய கல் குடலை அடைத்தால் பிழைப்பது அரிது. தவளையின் தலையைவிடப் பெரிய உருண்டைக் கற்கள் மட்டும் இதற்கு விலக்கு.

தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் உயிர்த்தொட்டி என்கிறார்களே, அது நல்லதா?

நல்லதுதான், நானும் அதன் ரசிகன். அடியில் சுடுமண் உருண்டைகளால் 4 அல்லது 5 செ.மீ. வடிகால் அடுக்கு, அதன்மேல் நைலான் வலை, அதற்கு மேல் மண்ணும் நார்த்தூளும், எல்லாவற்றுக்கும் மேலே இலைச்சருகு. சருகுக்குள் ஸ்பிரிங்டெயில் என்னும் மிகச்சிறிய துள்ளும் பூச்சிகளையும் ஐசோபாட் என்னும் சிற்றுயிர்களையும் விட்டுவிட வேண்டும். அவை பூஞ்சையையும் கழிவையும் தின்று மண்ணை உயிரோடு வைத்திருக்கும்.

ஆனால் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்பது மிகைப்பேச்சு. ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையின் மலம் பெரியது, அந்தச் சிற்றுயிர்களால் அத்தனையையும் சமாளிக்க முடியாது. கண்ணில் படும் கழிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். வடிகால் அடுக்கில் தண்ணீர் தேங்கி மண்ணைத் தொடும் அளவுக்கு உயர்ந்தால் உறிஞ்சி வெளியேற்றவும் வேண்டும். தவளைகளை இதற்குள் விடும் முன் செடிகளும் சிற்றுயிர்களும் வேரூன்ற ஒரு மாதம் கொடுங்கள்.

எந்தச் செடிகள் வைக்கலாம்?

மணி பிளான்ட் கொடியை வெல்ல எதுவும் இல்லை. குறைந்த வெளிச்சத்திலும் வளரும், தவளையின் எடையைத் தாங்கும், ஒடிந்தாலும் மீண்டும் துளிர்க்கும். பிலோடென்ட்ரான், புரோமிலியாட் இரண்டும் பொருந்தும். புரோமிலியாடின் இலைக்குவளையில் தேங்கும் தண்ணீரில் சிறிய தவளைகள் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

நாற்றங்காலிலிருந்து வரும் செடிகளில் பெரும்பாலும் பூச்சிமருந்தும் உரமும் இருக்கும். வேர்மண்ணை முழுவதும் உதறிவிட்டு, இலைகளைப் பலமுறை தண்ணீரில் அலசி, தூய மண்ணில் நட்டுச் சில வாரம் வெளியே வைத்திருந்து பிறகு தொட்டிக்குள் கொண்டுவாருங்கள். கிளைகள் தவளையின் உடல் அளவுக்காவது பருமனாக இருக்கட்டும். சில கிடைமட்டமாக, சில சரிவாக. பிசின் வடியும் ஊசியிலை மரங்களின் கட்டைகள் வேண்டாம்.

குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றலாமா?

கூடாது. எல்லாப் பதில்களிலும் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரினோ குளோரமினோ கலக்கிறார்கள். நமக்குக் கெடுதல் செய்யாத அளவு, தோலால் தண்ணீரை உறிஞ்சும் தவளைக்குக் கெடுதல் செய்யும். அகலமான பாத்திரத்தில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். குளோரமின் அப்படிப் போகாது. மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் குளோரின் நீக்கும் திரவத்தைக் கலந்தால்தான் அது நீங்கும். உங்கள் பகுதியில் எது கலக்கப்படுகிறது என்று தெரியாவிட்டால் திரவத்தையே பயன்படுத்துங்கள், குளோரமினுக்கும் ஏற்றது என்று புட்டியில் எழுதியிருக்கிறதா பார்த்துவிட்டு.

அப்படியானால் காய்ச்சி வடித்த நீர் இன்னும் தூய்மையானதுதானே என்று அடுத்துக் கேட்பார்கள். தவளை ஊறிக் கிடக்கும் கிண்ணத்துக்கு அது ஏற்றதல்ல. அதில் உப்புகள் இல்லாததால் தவளையின் உடலில் உள்ள உப்புச் சமநிலை குலையக்கூடும். தெளிப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம். கண்ணாடியில் வெள்ளைக் கறை படியாது என்பது அதன் ஒரே நன்மை.

கிண்ணம் தவளை முழு உடம்போடு உட்காரும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். ஆழம், உட்கார்ந்திருக்கும் தவளையின் தாடைக்கு மேல் போக வேண்டாம். மரத்தவளைகள் திறமையான நீச்சல்காரர்கள் அல்ல. ஏறி வரச் சரிவாக ஒரு கல்லையோ கட்டையையோ உள்ளே வையுங்கள். கிண்ணத்தைக் கழிப்பிடமாகவும் பயன்படுத்துவது தவளையின் வழக்கம். தன் கழிவு கலந்த தண்ணீரையே அது தோலால் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், தினமும் ஒருமுறை தண்ணீரை மாற்றுவதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஈரப்பதம் எவ்வளவு? எத்தனை முறை தெளிக்க வேண்டும்?

ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைக்கு 50 முதல் 60 சதவீதம் போதும். செங்கண் மரத்தவளைக்கு 60 முதல் 80. மின்னணு ஈரப்பதமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், முள் காட்டும் மலிவு வகையை நம்ப முடியாது. காலையிலும் விளக்கு அணையும் வேளையிலும் தெளிப்பது பொதுவாகப் போதும்.

தொட்டி எப்போதும் சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஒரு தெளிப்புக்கும் அடுத்த தெளிப்புக்கும் நடுவே இலையும் கண்ணாடியும் உலர வேண்டும். காற்றோட்டமில்லாத நிரந்தர ஈரம் பூஞ்சைக்கும் தோல்நோய்க்கும் வழிவிடும். கம்பிவலை மூடியைப் பிளாஸ்டிக் தாளால் முழுவதும் மூடி ஈரத்தைப் பிடித்து வைப்பதும் தவறு. பாதியை மூடினால் போதும்.

வெப்பநிலையை எப்படி வைத்துக்கொள்வது?

ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைக்குப் பகலில் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ், இரவில் 20 டிகிரி வரை இறங்கலாம். மற்ற இரண்டு வகைகளுக்கும் பகலில் 22 முதல் 27 டிகிரி ஏற்றது. தொட்டியின் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால், தனக்கு வேண்டிய இடத்தைத் தவளையே தேர்ந்துகொள்ளும்.

குளிர்ப் பகுதிகளில் வெப்பத் தாளைத் தொட்டியின் வெளிப்புறப் பக்கச் சுவரில் ஒட்டி, வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள். அடியில் ஒட்டினால் மண் சூடேறி, தவளை ஒடுங்கும் இடமே வெந்துபோகும். தொட்டிக்குள்ளே வைக்கும் சூடேற்றும் கல், தவளையின் தோலைச் சுட்டுவிடும்.

குளிரைவிட வெப்பமே சீக்கிரம் கொல்லும். 32 டிகிரியைத் தாண்டினால் அவசரநிலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்து, அறையைக் குளிர்வித்து, துணியில் சுற்றிய பனிக்கட்டிப் புட்டியைக் கம்பிவலை மூடியின்மேல் வைக்கலாம். தொட்டியின்மேல் நேரடி வெயில் எந்தப் பருவத்திலும் படவே கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் சில நிமிடங்களிலேயே வெப்பம் எல்லை மீறிவிடும்.

இரவில் விழித்திருக்கும் உயிருக்கு விளக்கு எதற்கு?

பகல் எது, இரவு எது என்று தெரிவதற்கு. 12 மணி நேரம் வெளிச்சமும் 12 மணி நேரம் முழு இருளும் வேண்டும். செடிகளுக்கும் ஒளி தேவை.

புற ஊதா பி கதிர் தரும் விளக்கு கட்டாயமா என்பதில் வளர்ப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. நான் வைக்கச் சொல்லும் கட்சி. இயற்கையில் பகலெல்லாம் இலையில் ஒட்டித் தூங்கும் தவளைமேல் வடிகட்டிய வெயில் படுகிறது. அந்தக் கதிரால் தோலில் வைட்டமின் டி3 உருவாகி, உணவிலுள்ள கால்சியத்தை உடல் ஏற்க உதவுகிறது. செறிவு குறைந்த விளக்கே போதும், ஒதுங்கி நிழல் தேட இலைகளும் இருக்கட்டும். இந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது என்பதால் விளக்கைக் கம்பிவலைக்கு மேலே பொருத்துங்கள். ஒளி குறையாமல் எரிந்தாலும் கதிர் மெல்ல மங்கும். தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், வழக்கமாக 6 முதல் 12 மாதத்தில், மாற்றிவிட வேண்டும்.

என்ன உணவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

உயிருள்ள பூச்சிகள். அசையாததைத் தவளை பெரும்பாலும் இரையாக மதிப்பதில்லை. வளர்ப்புச் சுவர்க்கோழிப் பூச்சிகளும் டூபியா கரப்பான்களும் அன்றாட உணவு. மண்புழுவும் பட்டுப்புழுவும் இடையிடையே மாற்றத்துக்கு. மெழுகுப்புழுவில் கொழுப்பு மிகுதி, எப்போதாவது ஒன்று போதும். பூச்சியின் நீளம் தவளையின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைத் தாண்ட வேண்டாம்.

குஞ்சுகளுக்குத் தினமும், வளர்ந்தவற்றுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை, விளக்கு அணைந்த பிறகு. ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை கொடுத்தால் தின்றுகொண்டே இருக்கும். கண்ணுக்குப் பின்னால், செவிப்பறைக்கு மேல் உள்ள மடிப்பு பருத்துத் தொங்கினால் அது கொழுப்பு, உணவைக் குறைத்துவிடுங்கள். விழுங்கும்போது கண்கள் உள்ளே அமிழ்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண்ணை உள்ளே இழுத்து அதனால் இரையைத் தொண்டைக்குள் தள்ளுவது தவளைகளின் இயல்பு.

வளர்ப்புப் பூச்சியில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். தவளைக்குக் கொடுப்பதற்கு ஒரு நாள் முன்னதாகப் பூச்சிகளுக்குக் கீரை, கேரட் போன்றவற்றை வயிறார ஊட்டுங்கள். கொடுக்கும் நேரத்தில் கால்சியம் பொடியில் புரட்டுங்கள். வாரம் ஒருமுறை டி3 உள்ளிட்ட பல்வைட்டமின் பொடி. இதைச் செய்யாத தொட்டிகளில்தான் தாடை மெலிந்து, கால் வளைந்த தவளைகளைப் பார்க்கிறோம். முற்றிலும் தடுக்கக்கூடிய அந்த நோய் இன்னும் இவ்வளவு பரவலாக இருப்பது வேதனையாக இருக்கிறது.

தோட்டத்தில் பிடித்த பூச்சிகளைக் கொடுக்காதீர்கள். பூச்சிமருந்து ஒருபுறம், ஒட்டுண்ணி மறுபுறம். மின்மினிப் பூச்சிகள் சிலவற்றில் உள்ள நஞ்சு தவளையைக் கொல்லக்கூடியது. மிஞ்சிய சுவர்க்கோழிகளைக் காலையில் எடுத்துவிடுங்கள். பசித்தால் அவை தூங்கும் தவளையைக் கடிக்கும்.

கையில் எடுத்துக் கொஞ்சலாமா?

இது பார்த்து மகிழ வேண்டிய உயிர். நம் கையிலுள்ள உப்பும் எண்ணெயும் கிரீமும் அதன் தோலில் இறங்கும். தொட்டியைச் சுத்தம் செய்யவோ மருத்துவரிடம் கொண்டுபோகவோ எடுக்க நேர்ந்தால், தூள் தடவாத நைட்ரைல் கையுறையை குளோரின் நீக்கிய தண்ணீரில் நனைத்து அணிந்துகொள்ளுங்கள். தவளையின் உடலில் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம், ஆகவே தொட்டிக்குள் கை விட்ட ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவுங்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொட விட வேண்டாம். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதும் கூடாது.

எப்படிச் சுத்தம் செய்வது?

தினமும் கழிவை எடுத்து, தண்ணீரை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை வெந்நீரில் நனைத்த துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். சோப்பு, கண்ணாடி துடைக்கும் திரவம், வாசனைத் தெளிப்பு எதுவும் தொட்டியின் அருகில்கூட வேண்டாம். நார்த்தூள் தரையை மாதம் ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். உயிர்த்தொட்டியானால் மேல் அடுக்குச் சருகை மட்டும் புதுப்பித்தால் போதும். மூக்கைக் கொண்டுபோனால் மழை பெய்த மண்ணின் வாசம் வர வேண்டும். காரநெடி அடித்தால் அம்மோனியா சேர்ந்துவிட்டது என்று பொருள், அன்றே மாற்றிவிடுங்கள்.

வாயைத் திறந்து திறந்து மூடி, உடம்பை முறுக்குகிறது. சாகப் போகிறதா?

இல்லை. தோல் உரிக்கிறது. உரிந்த தோலைக் கால்களால் இழுத்து வாய்க்குள் தள்ளித் தின்றுவிடும். சில நிமிடங்களில் முடிந்துவிடும், தொந்தரவு செய்யாமல் விடுங்கள். உரியும் தோல் துண்டு துண்டாக நாட்கணக்கில் ஒட்டியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பச்சையாக இருந்தது பழுப்பாகிவிட்டதே?

குளிர், வெளிச்சம், உட்கார்ந்திருக்கும் பின்னணி, மனக்கலக்கம் இவற்றைப் பொறுத்து நிறம் மாறும். பல நாள் தொடர்ந்து கருத்திருந்தால் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சரிபாருங்கள். பகலெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தாலும் அதே சோதனைதான், காற்று வறண்டிருக்கக்கூடும்.

வெவ்வேறு வகைகளை ஒன்றாக வைக்கலாமா?

வேண்டாம். ஒன்றின் தோல்சுரப்பு மற்றொன்றுக்கு நஞ்சாகலாம். வாய்க்குள் அடங்கும் எதையும் பெரிய தவளை விழுங்கும். ஒரே வகையிலும் ஒத்த அளவுள்ளவற்றையே சேருங்கள். புதிதாக வரும் தவளையைத் தனித் தொட்டியில், தனிக் கருவிகளோடு, குறைந்தது 30 நாள், முடிந்தால் 90 நாள் வைத்துக் கவனியுங்கள்.

நோய் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாரத்துக்கு மேல் உணவை மறுப்பது, இரவிலும் அசையாமல் தரையில் கிடப்பது, வயிறு திடீரென உப்புவது, அடிவயிறும் தொடையும் சிவப்பது, கால்கள் நடுங்குவது, குதம் வெளித்தள்ளுவது. கடைசி மூன்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். நீர்நிலவாழ் உயிர்களைப் பார்க்கும் மருத்துவர் எல்லா இடத்திலும் கிடைக்கமாட்டார். தவளை நலமாக இருக்கும்போதே ஒருவரைத் தேடி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றிலும் கொடியது கைட்ரிட் பூஞ்சை. 1999இல் விஞ்ஞானிகள் பெயரிட்டு விவரித்த இந்தப் பூஞ்சை, தோலைத் தடிக்கச் செய்து உப்புகளின் போக்குவரத்தை நிறுத்தி, இறுதியில் இதயத்தை நிறுத்துகிறது. உலகில் குறைந்தது 501 நீர்நிலவாழ் இனங்கள் இதனால் குறைந்திருப்பதாகவும், அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுவதாகவும் 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பூஞ்சைக்கொல்லி மருந்து கொடுத்துக் காப்பாற்ற முடியும்.

சில நாள் வெளியூர் போனால்?

வளர்ந்த, உடல்நலமுள்ள தவளை ஒரு வாரம் வரை உணவின்றித் தாங்கும். தண்ணீர் மாற்றவும் தெளிக்கவும் மட்டும் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். நாள் கணக்குக்குப் பூச்சிகளை மொத்தமாகத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போகாதீர்கள்.

இனி வளர்க்க முடியவில்லை. குளத்தருகே விட்டுவிடலாமா?

ஒருபோதும் கூடாது. விடப்பட்ட தவளை பெரும்பாலும் இறந்துபோகும். இறக்காமல் பெருகினால் அது இன்னும் பெரிய தீங்கு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பரவிய கியூபா மரத்தவளை, அங்குள்ள சிறிய மரத்தவளைகளைத் தின்று அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் தொட்டியிலிருந்து ஒரு நோய் வெளியே போனால் அந்தக் குளத்துத் தவளைகளுக்கு மருத்துவர் யாரும் வரப்போவதில்லை.

தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரையும் தோட்டத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ ஊற்ற வேண்டாம். பிளீச் கலந்து சற்று நேரம் வைத்திருந்து வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். பழைய மண்ணையும் செடியையும் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். தவளைக்கோ, வேறொரு வளர்ப்பவரையோ விலங்குக் காப்பகத்தையோ கேளுங்கள். தொட்டி, விளக்கு, மிச்சமிருக்கும் கால்சியம் பொடி, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது என்ற குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.